என் கப்பலில் தம்பி வளர்த்த கோழிகள்

டேய் வினோத், நீ இருந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். வழக்கம்போல ஃபோனில் பேசி உனக்கு அனுப்பியிருப்பேன். நீ கேட்டுச் சிரித்துவிட்டு, அம்மாவிடம் போய் வேறு மாதிரி சொல்லியிருப்பாய்.

வினோத் என் தம்பி. என்னைவிட இரண்டு வயது சின்னவன். எங்களுக்குத் திருப்பனந்தாள் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். குத்தகைக்கு நிலம் பிடித்துச் சாகுபடி செய்கிற குடும்பம். நான் பத்தாவதோடு சரி. அதனால் எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆடி மாதம். ஊரே ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் விசாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறினேன். அதற்கு முன்னால் கப்பல் வேலைக்கென்று சில மாதம் பயிற்சி எடுத்திருந்தேன். அங்கே கப்பலின் பாகங்களுக்குப் பெயர் சொல்லிக்கொடுத்தார்கள், தீயணைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கப்பலில் எப்படித் தூங்குவது, எப்படிச் சாப்பிடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அதுதான் வரவில்லை.

அது நிலக்கரி, இரும்புத்தாது ஏற்றிப் போகிற பழைய சரக்குக் கப்பல். எனக்கு மேல்தளத்தில் வேலை. துருவைச் சுத்தியலால் தட்டி எடுப்பது, பெயின்ட் அடிப்பது, கயிறு இழுப்பது, சரக்கு இறக்கியதும் அந்தக் கிணறு மாதிரி ஆழமான அறைகளுக்குள் இறங்கிக் கழுவுவது. வேலை கஷ்டமில்லை. சேற்றில் நாள் முழுக்கக் குனிந்து நின்றவனுக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. ஆனால் வயலில் தரை அசையாது. இங்கே தரையே ஆடியது. கரை மறைந்த அன்றைக்கே வாந்தி ஆரம்பித்துவிட்டது. படுத்தால் கட்டிலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டேன். குளிக்கப் போனால் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சோப்புப் போட வேண்டும். சாப்பிட உட்கார்ந்தால் தட்டு என்னை விட்டு நகர்ந்து எதிரில் இருப்பவரிடம் போய்விடும். எதிரில் இருப்பவர் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரிப்பார். எனக்கு இந்தி தெரியாது.

சாதமும் வேறு. நீளநீளமாக, ஒன்றோடொன்று ஒட்டாத அரிசி. கையில் பிசைந்தால் உதிர்ந்து ஓடும். அந்தத் தட்டைப் பார்த்தாலே எனக்கு அழுகை வரும்.

கப்பலில் தமிழ் பேச ஒரே ஒரு ஆள் இருந்தார். தரங்கம்பாடிக்காரர், என்ஜின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை. மீனவர் வீட்டுப் பிள்ளை. வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். என்னை முதல் நாளிலிருந்து "வயக்காடு" என்றுதான் கூப்பிடுவார்.

"ஏய் வயக்காடு, இன்னும் உசுரோட இருக்கியா?"

"முடியலண்ணே. நீங்க கடல்லயே பொறந்தவங்க. உங்களுக்கென்ன."

"யார்றா சொன்னா? எங்கப்பா படகுல ஏறுனா எனக்கு ஒண்ணும் ஆகாது. முதல் தடவ பெரிய கப்பல்ல வந்தப்ப நானும் கொடலு வெளிய வர்ற மாதிரி எடுத்தேன். ஊருல சொல்லிப்புடாத, மானம் போயிரும்."

கடலில் விழுந்தால் மிதக்கப் போட்டுக்கொள்கிற லைஃப் ஜாக்கெட்டை மெத்தையின் வெளி ஓரத்துக்கு அடியில் செருகிவிட்டுச் சுவரோடு ஒட்டிப் படுத்தால் உருள மாட்டோம் என்று அவர்தான் காட்டினார். சாப்பாட்டு மேசையில் துணியை நனைத்து விரித்தால் தட்டு நகராது என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் அவருடைய வேலை நேரம் வேறு, என்னுடையது வேறு. பார்ப்பதே கொஞ்ச நேரம்தான்.

மீதி நேரமெல்லாம் நான் வினோத்திடம்தான் பேசினேன். கப்பலில் எங்களுக்கு இன்டர்நெட் கிடையாது. கரைப்பக்கம் போனால்தான் ஃபோனில் சிக்னல் வரும். அதனால் தோன்றும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் பேசிப் பதிந்து அனுப்பி வைத்துவிடுவேன். ஏதாவது துறைமுகம் வரும்போது எல்லாம் மொத்தமாக அவனுக்குப் போய்ச் சேரும். அவன் பேசி அனுப்பியதும் மொத்தமாக எனக்கு வந்து விழும். நான் பேசியதெல்லாம் ஒரே அழுகை. சாப்பிட முடியவில்லை, தூங்க முடியவில்லை, யாரும் என்னோடு பேசுவதில்லை, அடுத்த துறைமுகத்தில் இறங்கி வந்துவிடுகிறேன். இதைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னேன்.

அவன் பதில் இப்படி இருக்கும்.

"அண்ணே, மொத மொதல்ல நாத்து பறிக்கப் போனப்ப இடுப்பு ஒடிஞ்சிட்டுன்னு வரப்புல படுத்து அழுதியே, ஞாபகம் இருக்கா? மூணாம் நாளு பாட்டுப் பாடிக்கிட்டே பறிச்ச. கப்பலும் அப்படித்தான். இன்னும் நாலு நாளு பாரு. அம்மாவ நான் பாத்துக்கறேன். அம்மாகிட்ட நீ அழுவுறத எல்லாம் சொல்லல. வேற சொல்லி வச்சிருக்கேன்."

என்ன சொல்லி வைத்திருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. அம்மா அழாமல் இருக்கிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அவன் சொன்ன மாதிரிதான் ஆயிற்று. மெல்ல மெல்ல வாந்தி நின்றது. கப்பல் ஆடும்போது என் உடம்பு தானாகவே எதிர்ப்பக்கம் சாய்ந்துகொடுக்கப் பழகியது. ஒருமுறை துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு என்ஜினை நிறுத்தினார்கள். அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. தரங்கம்பாடிக்காரர் கேட்டுவிட்டு, "அவ்வளவுதான், நீ கெட்டுப்போயிட்ட. இனிமே ஊருல போயி ரைஸ் மில்லு பக்கத்துலதான் படுக்கணும்" என்றார். அன்றைக்குத்தான் கப்பலில் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தேன். இதை வினோத்திடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிரேசிலில் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு சீனாவுக்குக் கிளம்பினோம். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, நடுவில் எங்கேயும் நிற்காமல் போகிற பயணம். வாரக்கணக்கில் கரையே கண்ணில் படாது. ஊரில் அப்போது ஐப்பசி. அடைமழைக் காலம்.

ஒரு நாள் காலையில் நான் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது தரங்கம்பாடிக்காரர் வந்தார். அவர் மேல்தளத்துக்கு வருகிற நேரம் இல்லை அது. "வயக்காடு" என்று கூப்பிடவில்லை. "தம்பி, பிரஷ்ஷ வச்சிட்டு வா. கேப்டன் கூப்புடுறாரு" என்றார். நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். கேப்டன் என்னை உட்காரச் சொன்னார். அவர் முன்னால் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. அவர் இந்தியில் மெதுவாகச் சொன்னார். தரங்கம்பாடிக்காரர் என் தோளில் கையை வைத்துக்கொண்டு அதைத் தமிழில் சொன்னார்.

"ஒன் தம்பி தவறிட்டானாம்பா. பாம்பு கடிச்சிருக்கு."

எனக்கு அழுகை வரவில்லை. "இல்லண்ணே, அவனுக்குப் பாம்புன்னா பயம். கிட்டயே போவமாட்டான்" என்று அவரிடம் வாதாடினேன்.

கேப்டன் அறையிலிருந்த சாட்டிலைட் ஃபோனில் அப்பாவோடு பேச வைத்தார்கள். நான் பேசுவது அப்பாவுக்குக் கொஞ்சம் தாமதித்துத்தான் போகும். அப்பா பேசுவதும் அப்படித்தான் வரும். அதனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டும், ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டும் இருந்தோம்.

"நீ வர முடியாதாமேடா?"

"முடியாதுப்பா. நடுக்கடல்ல இருக்கோம்."

"சரி. அப்ப எடுத்துடறோம். மழை வேற விட மாட்டேங்குது."

"அம்மா எங்கப்பா?"

"அவகிட்ட இப்பப் பேச முடியாதுடா. நீ தைரியமா இரு."

எங்கள் பக்கம் இறந்தவருக்கு உறவுக்காரர்கள் வாய்க்கரிசி போடுவார்கள். கூடப்பிறந்தவன் நான் போடவில்லை. அது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. சமையல்காரரிடம் போய் ஒரு கைப்பிடி அரிசி கேட்டு வாங்கிக்கொண்டேன். அதே நீளமான அரிசிதான். அதை எடுத்துக்கொண்டு கப்பல் ஓரத்துக்குப் போய், அவன் பெயரைச் சொல்லிக் கடலில் போட்டேன். காற்று அத்தனையையும் திருப்பிக்கொண்டு வந்து என் முகத்திலேயே அடித்தது. சட்டையெல்லாம் அரிசி, காலடியெல்லாம் அரிசி. அவன் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. அப்போதுதான் உடைந்து அழுதேன்.

பின்னாலேயே வந்திருந்த தரங்கம்பாடிக்காரர், "காத்து வர்ற பக்கம் நின்னுக்கிட்டுப் போடுறியேடா. இந்தப் பக்கம் வா" என்று கையைப் பிடித்து மறுபக்கம் கூட்டிப்போனார். தளத்தில் சிதறிக் கிடந்ததை இரண்டு பேரும் மண்டிபோட்டுப் பொறுக்கினோம். பாதிக்குப் பாதி பெயின்ட் தூள் கலந்த அரிசி. அதைத்தான் போட்டேன். ஒரு மணிகூடத் திரும்பி வரவில்லை. தண்ணீரில் விழுந்ததும் தெரியவில்லை. அவ்வளவு உயரம்.

அதற்குப் பிறகும் தினமும் வேலைக்குப் போனேன். சுத்தியலை எடுத்துத் துருவைத் தட்டினேன். வேறு என்ன செய்வது?

சிங்கப்பூரை நெருங்கும்போது ஃபோனில் சிக்னல் வந்தது. ஒவ்வொன்றாக வந்து விழ ஆரம்பித்தது. சித்தப்பா கூப்பிட்டது, நண்பர்கள் கூப்பிட்டது, யார் யாரோ அனுப்பியது. அதற்கெல்லாம் மேலே, முதலில் வந்து நின்றது வினோத்தின் குரல். பாம்பு கடித்த அன்றைக்கு மத்தியானம் பேசி அனுப்பியிருக்கிறான்.

"அண்ணே, எங்கண்ணே இருக்க? ஒரு டிக்குதான் விழுது. இங்க செம மழை. மேக்கால வரப்புல நண்டு வளை வச்சு, நம்ம வயத் தண்ணியெல்லாம் அடுத்த வயலுக்குப் போவுது. சேத்த அள்ளி அடைக்கலாம்னு கைய வுட்டேன், கவ்விட்டான் ராஸ்கல். கை பன்னு மாதிரி வீங்குது. அம்மா மஞ்சப்பத்து போடறேன்னு நிக்குது. நீ அங்க வாந்தி, நான் இங்க வீக்கம். நம்ம குடும்பமே சூப்பருண்ணே. அப்பறம் ஒண்ணு. உங்க கப்பல்ல கோழி வளக்கறீங்கன்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நடுக்கடல்ல முட்டைக்கு என்னடா பண்ணுவாங்கன்னு கேட்டுச்சு, வாயில வந்ததச் சொல்லிட்டேன். கேட்டா ஆமான்னு சொல்லு. மாத்திச் சொல்லி மாட்டி வுட்டுடாத."

நண்டு என்றுதான் அவன் நினைத்தான். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். வரப்பில் நண்டு வளையை அடைக்கும்போது கடி வாங்காத கை எங்கள் பக்கம் கிடையாது. உதறிவிட்டு வேலையைப் பார்ப்போம். வளைக்குள் விரியன் இருந்திருக்கிறது. சாயங்காலம் ஈறில் ரத்தம் வந்த பிறகுதான் அப்பாவுக்குச் சந்தேகம் வந்து, தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். டாக்டர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்களாம். நேரம் கடந்துவிட்டது.

சிக்னல் வந்ததும் கூப்பிட்டபோது அப்பா, "இப்ப வந்து என்னடா பண்ணப்போற, ஒத்துக்கிட்ட வேலய முடிச்சிட்டே வா" என்றார். பங்குனியில்தான் ஊருக்குப் போனேன்.

வீட்டில் அவனுடைய படத்துக்கு மாலை போட்டிருந்தது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதது. அழுது முடித்து, சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டது.

"கப்பல்ல அந்தக் கேரளாக்காரரு இன்னமும் ஒனக்குன்னு தனியா ரசம் வக்கிறாரா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் சமையல்காரர் வடநாட்டுக்காரர். ரசம் என்ற வார்த்தையே அவருக்குத் தெரியாது.

"ஆங்... வக்கிறாரும்மா."

"ஸ்டீரிங்க ஒங்கிட்ட குடுத்துட்டு கேப்டனே டீ குடிக்கப் போவாராமே? ஒன்னய தஞ்சாவூருன்னுதான் கூப்புடுவாராமே?"

"ஆமாம்மா."

"கோழிய எல்லாம் யாரு பாத்துக்கறா இப்ப?"

சோற்றைப் பிசைந்துகொண்டே, "இன்னொரு பையன் இருக்காம்மா" என்றேன்.

பக்கத்து வீட்டு அத்தை வந்தது. அதற்கும் எல்லாம் தெரிந்திருந்தது. என் அறையில் சன்னலைத் திறந்தால் திமிங்கிலம் தெரியும் என்று அது சொன்னது. என் அறையில் சன்னலே கிடையாது. நான் அழுது அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் வினோத் ஒரு கதை கட்டியிருக்கிறான். சாப்பாடு பிடிக்கவில்லை என்று நான் சொன்ன அன்றைக்கு ரசம். யாரும் பேசுவதில்லை என்று அழுத அன்றைக்கு, கேப்டன் பெயர் வைத்துக் கூப்பிட்டது. என் கப்பலைவிட ஆயிரம் மடங்கு நல்ல கப்பல் ஒன்றை, வயலில் வேலை பார்த்துக்கொண்டே அவன் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அதில் நான் சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

அந்த லீவில் அவன் அனுப்பியதையெல்லாம் முதலிலிருந்து மறுபடி கேட்டேன். கப்பலில் கேட்டபோது எனக்கு ஆறுதல் சொல்கிற இடம் மட்டும்தான் காதில் விழுந்திருந்தது. இப்போது கேட்டால், ஒவ்வொன்றின் கடைசியிலும் அவனைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. நாற்று பத்தாது போலிருக்கிறது. அப்பாவுக்கு முட்டிவலி, எல்லாம் நான்தான். ஒன்றில் இப்படிச் சொல்கிறான்: "ஒங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்ண்ணே. அவசரமில்ல. நீ கொஞ்சம் தேறிக்க, அப்பறம் சொல்றேன்."

அதற்கு நான் அனுப்பிய பதிலையும் கேட்டேன். அன்றைக்கு ரொட்டி வேகவில்லை என்று பேசியிருக்கிறேன். நான் தேறிய பிறகும் அதை அவனிடம் கேட்கவே இல்லை.

அது என்ன விஷயம் என்று இன்றுவரை தெரியாது. அவன் நண்பர்களிடம் கேட்டேன். அப்பாவிடமும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஏதாவது பெண்ணாக இருக்கலாம். அவனுக்கும் வெளியே எங்காவது போக ஆசை இருந்திருக்கலாம். நான் எழுதுவதைப் படிக்கிற யாரிடமாவது அவன் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நல்லது. ஒருத்தரிடமாவது சொல்லிவிட்டுப் போயிருக்கட்டும்.

மறுபடி வேறு கப்பலில் ஏறிவிட்டேன். இதில் இன்டர்நெட் இருக்கிறது. அம்மாவோடு நேராகவே பேசலாம். போன மாதம் ஒரு நாள் கடல் மோசமாக இருந்தது. காலையிலிருந்து எனக்குத் தலைசுற்றல். ஆனாலும் அம்மா ஃபோனை எடுத்ததும், வினோத் மாதிரி நானும் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். கேப்டன் கூப்பிட்டார், பாயசம் வைத்தார்கள் என்று. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு சொன்னது:

"ஒனக்குச் சொல்ல வரலப்பா. அவன் சொன்னா கண்ணு முன்னாடி நிக்கும்."

அம்மாவே மேலே சொன்னது:

"கப்பல்ல கோழி கெடையாதுன்னு எனக்குத் தெரியாதாடா? அவன் வயல்லேர்ந்து வந்து, கால்ல சேறு காயறதுக்குள்ள ஒக்காந்து சொல்லுவான். நீ எப்படியோ கஷ்டப்படறேன்னு புரியும். அவன் சந்தோஷமா சொல்றானேன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். நீ அப்படியெல்லாம் சொல்ல வேணாம். இருக்கறதச் சொல்லு."

"தலை சுத்துதும்மா. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடல" என்றேன். அதைச் சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, "நீ எப்படிம்மா இருக்க?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன். அம்மா ரொம்ப நேரம் கழித்து, "நல்லா இல்லப்பா" என்று ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டே போனது. கடைசிவரை கேட்டேன்.

நம்முடைய அழுகையைப் பொறுமையாகக் கேட்கிற ஆளுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும் என்பது எனக்கு இவ்வளவு தாமதமாகத்தான் உறைத்தது. இப்போதெல்லாம் யாரோடு பேசினாலும், ஃபோனை வைக்கும் முன்னால் அவர்களைப் பேசவிட்டுக் காத்திருக்கிறேன். ஆனால் யாருக்காக அப்படிக் காத்திருந்திருக்க வேண்டுமோ, அவன் இல்லை. இதைப் படிக்கிற நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் சரி, இன்றைக்கு விளக்கேற்றும்போதோ தொழும்போதோ ஜெபம் பண்ணும்போதோ, என் தம்பி வினோத்துக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.